"சும்மாதான் விளையாடினோம்" – இது ஒரு பதிலா?



இந்த மாதம் சுவர் இதழில் 'என் கருத்து' பகுதி எனக்குக் கிடைத்திருக்கிறது. வழக்கமாக இந்த இடத்தில் மரம் வளர்ப்பது பற்றியோ பிளாஸ்டிக் பை பற்றியோதான் எழுதுவார்கள். நான் கூடைப்பந்து பற்றி எழுதப் போகிறேன். "விளையாட்டுல கருத்து சொல்ல என்ன இருக்கு?" என்று நினைத்து நகர்ந்து விடாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நிதானமாக நின்று படியுங்கள்.

இதை எழுத எனக்கு ரெண்டு காரணம் இருக்கு. முதல் காரணத்தை இப்போதே சொல்கிறேன். ரெண்டாவது காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அதனால் அது கடைசியில்.

முதல் காரணம் இதுதான். போன மாதம் குறுவட்டப் போட்டிக்கு நம் பள்ளிப் பெண்கள் அணி போனது உங்களுக்குத் தெரியும். காலையில் முதல் மேட்ச்சே போன வருஷம் கோப்பை வாங்கின டவுன் பள்ளியோடு. அவங்களுக்குப் பேர் அச்சடிச்ச ஜெர்ஸி. நமக்குச் சுடிதார் பேண்ட் மேல பள்ளி டி-சர்ட். அவங்க சிமெண்ட் கோர்ட்டில் பழகினவங்க. நாம மண் தரையில், வலை இல்லாத ஒரே வளையத்தில் பழகினவங்க. ஆனாலும் 18–16 என்று நாம ஜெயிச்சோம்! கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு.

கை குடுக்கப் போனப்போ அந்த அணியில் ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "நாங்க சும்மாதான் விளையாடினோம். உங்களையெல்லாம் யாரு கணக்குல எடுத்தா?"

அவ்வளவுதான். என் சந்தோஷம் பாதியாகிவிட்டது. அவங்க முழு மூச்சா விளையாடியிருந்தா நாம தோத்திருப்போமோ? அப்படியென்றால் நாம ஜெயிச்சது ஜெயிப்பே இல்லையா?

இதை நான் பி.டி. சாரிடம் கேட்டேன். சார் உடனே பதில் சொல்லவில்லை. "அமெரிக்காவுல 2008-ல ஒரு தொடர் நடந்தது. ஸ்கோர் எழுதித் தரேன். நீயே கணக்குப் பார்த்து, நீயே பதில் சொல்லு" என்றார். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் போட்டுக் காட்டப் போகிறேன்.

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்று ஒரு கூடைப்பந்துப் போட்டி இருக்கிறது. மொத்தம் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் சீசனில் 82 ஆட்டம் ஆடும். கிழக்கு, மேற்கு என்று ரெண்டு பிரிவு. அதில் மேலே வருகிற அணிகள் பிளே-ஆஃப் என்ற சுற்றுக்குப் போகும். முதல் இடத்து அணி எட்டாம் இடத்து அணியோடு மோதும். ஒரே ஆட்டத்தில் முடியாது. ஏழு ஆட்டம் வரைக்கும் போகும். யார் முதலில் நாலு ஜெயிக்கிறாங்களோ அவங்க அடுத்த சுற்றுக்குப் போவாங்க.

2008-ல் கிழக்கில் முதல் இடம் பாஸ்டன் செல்டிக்ஸ். 82-ல் 66 ஜெயிச்சவங்க. கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ரே ஆலன் என்று மூன்று பெரிய வீரர்கள் அந்த அணியில். எட்டாம் இடம் அட்லாண்டா ஹாக்ஸ். 37 ஜெயிச்சு 45 தோத்தவங்க. ஜெயிச்சதை விடத் தோத்ததுதான் அதிகம்! 1999-க்குப் பிறகு அப்போதுதான் முதல் முறையாகப் பிளே-ஆஃப் பக்கமே வந்திருந்தாங்க. செல்டிக்ஸ் நாலு ஆட்டத்தில் முடிச்சிடும் என்றுதானே எல்லாரும் நினைப்போம்? நடந்தது இதுதான்:

முதல் ஆட்டம் (பாஸ்டன்): செல்டிக்ஸ் 104 – ஹாக்ஸ் 81
2-வது ஆட்டம் (பாஸ்டன்): செல்டிக்ஸ் 96 – ஹாக்ஸ் 77
3-வது ஆட்டம் (அட்லாண்டா): ஹாக்ஸ் 102 – செல்டிக்ஸ் 93
4-வது ஆட்டம் (அட்லாண்டா): ஹாக்ஸ் 97 – செல்டிக்ஸ் 92
5-வது ஆட்டம் (பாஸ்டன்): செல்டிக்ஸ் 110 – ஹாக்ஸ் 85
6-வது ஆட்டம் (அட்லாண்டா): ஹாக்ஸ் 103 – செல்டிக்ஸ் 100
7-வது ஆட்டம் (பாஸ்டன்): செல்டிக்ஸ் 99 – ஹாக்ஸ் 65

நோட்டில் கழித்தல் போட்டுப் பார்த்தேன். செல்டிக்ஸ் ஜெயிச்ச நாலு ஆட்டத்திலும் வித்தியாசம் 23, 19, 25, 34. தோத்த மூன்றில் வித்தியாசம் 9, 5, 3. இதைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? "அட, அந்த அக்கா சொன்னது சரிதான் போல! 34 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கத் தெரிந்த அணி எப்படி மூணு முறை தோக்கும்? சும்மாதான் விளையாடியிருக்காங்க!"

சாரிடம் போய் அப்படியே சொன்னேன். சார் சிரித்தார். "அவசரப்படாதே. இன்னும் ரெண்டு தகவல் தரேன்" என்றார்.

முதல் தகவல்: செல்டிக்ஸ் வெளியூரில் ஆடத் தெரியாத அணி இல்லை. அந்த சீசனில் வெளியூரில் ஆடின 41 ஆட்டத்தில் 31 ஜெயிச்சவங்க.

ரெண்டாவது தகவல்: அடுத்த சுற்றில் அவங்களுக்கு எதிரே வந்தது கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ். அதில் ஆடினவர் லெப்ரான் ஜேம்ஸ். உலகத்துக்கே தெரிந்த வீரர். அவரை யாராவது "சும்மா" எடுத்துக்குவாங்களா? மாட்டாங்க. ஆனால் அங்கேயும் இதே கதைதான். பாஸ்டனில் நாலும் ஜெயிச்சாங்க, கிளீவ்லேண்டில் மூணும் தோத்தாங்க!

இப்போ சொல்லுங்க. ஹாக்ஸிடம் தோத்தது அலட்சியத்தால் என்றால், லெப்ரானிடம் தோத்தது எதனால்? அதே ஊர், அதே ஆட்கள், அதே மாதிரி மூணு தோல்வி. அப்போ "அலட்சியம்" என்கிற ஒரே வார்த்தையில் இந்தக் கணக்கு முடியவில்லை. அட்லாண்டாவில் இத்தனை வருஷம் காத்திருந்த ஜனங்களின் சத்தம் இருந்தது. இழக்க ஒன்றும் இல்லாத பையன்களின் வேகம் இருந்தது. நாலாவது ஆட்டத்தில் ஜோ ஜான்சன் என்ற ஹாக்ஸ் வீரர் கடைசிக் கால் பகுதியில் மட்டும் 20 பாயிண்ட் போட்டார். கால் பகுதி என்றால் 12 நிமிஷம். அந்த 20 பாயிண்டை செல்டிக்ஸ் தூங்கினதாலா போட்டார்? அவர் கையால் போட்டார்!

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. தோத்தவங்க உண்மையிலேயே எவ்வளவு முயற்சி செஞ்சாங்க என்று வெளியில் இருந்து யாராலும் அளக்க முடியாது. அதை அளக்கத் தராசு இல்லை. அவங்க மனசுக்குத்தான் தெரியும். ஆனால் அவங்களே தோத்தவங்க. சாட்சியும் அவரே, வக்கீலும் அவரே என்றால் அந்த வழக்கை யார் நம்புவது?

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். 2007-ல் மேற்கில் முதல் இடம் டல்லாஸ் மேவரிக்ஸ். 67 ஜெயிச்சு 15 மட்டும் தோத்தவங்க. எட்டாம் இடம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். 42 ஜெயிச்சு 40 தோத்தவங்க. வாரியர்ஸ் 4–2 என்று ஜெயிச்சு டல்லாஸை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "டல்லாஸ் அசட்டையா ஆடிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த சீசனில் அதற்கு முன்னாடியே ரெண்டு அணியும் மூணு முறை மோதியிருந்தாங்க. மூணிலும் ஜெயிச்சது வாரியர்ஸ்! அவங்க பயிற்சியாளர் டான் நெல்சன் அதற்கு முன்னால் டல்லாஸுக்கே பயிற்சியாளராக இருந்தவர். எதிராளியின் பலம், பலவீனம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. டல்லாஸின் பெரிய வீரர் டர்க் நோவிட்ஸ்கி கடைசி ஆட்டத்தில் 13 முறை எறிந்து ரெண்டுதான் உள்ளே போட்டார். அந்த சீசனின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது! அப்படிப்பட்டவர் சும்மா ஆடினார் என்றா சொல்வது? அவரை ஆட விடாமல் பண்ணினாங்க என்பதுதான் உண்மை. அதே நோவிட்ஸ்கி 2011-ல் அதே டல்லாஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்பது தனிக் கதை.

"அப்போ பெரிய அணிகள் அலட்சியமாகவே ஆட மாட்டாங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆடுவாங்க. நான் மறுக்கவில்லை. 82 ஆட்டம் ஆடணும், அதற்கு மேல் பிளே-ஆஃப் வேறு. எல்லா நாளும் உயிரைக் கொடுத்து ஓடினால் உடம்பு தாங்காது. அதனால் பெரிய அணிகள் சில நாள் முக்கிய ஆட்களை உட்கார வைப்பதும் உண்டு. இதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முதல் நாள் சீக்கிரம் தூங்குவது மாதிரிதான் அது.

ஆனால் பலத்தைச் சேமிப்பது வேறு, எதிராளியை மதிக்காமல் இருப்பது வேறு. ரெண்டையும் எப்படிப் பிரிப்பது? நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். "இன்னைக்குக் கொஞ்சம் அடக்கித்தான் ஆடப் போறோம்" என்று ஆட்டத்துக்கு முன்னாடி சொன்னால் அது திட்டம். தோத்த பின்னாடி சொன்னால் அது சாக்கு. அந்த டவுன் பள்ளி அக்கா கடைசி விசில் ஊதும் வரைக்கும் அதைச் சொல்லவே இல்லையே!

நமக்கெல்லாம் ஒண்ணாம் வகுப்பிலேயே ஆமை முயல் கதை சொல்லிக் கொடுத்தாங்க. அதிலும் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கதையை யாரைச் சொல்லச் சொன்னாலும் "முயல் தூங்கிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். முயல் தூங்கினதையே பெரிசா பேசுகிறோம். வெயிலில், அந்தக் கனமான ஓட்டையும் சுமந்துக்கிட்டு, ஆமை முழுத் தூரமும் நடந்துச்சே, அதை யாராவது பேசுகிறோமா? முயல் தூங்கினாலும், ஆமை நடக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருக்குமா?

ஆனால் ஒரு விஷயம். 2008-ல் முயல் ஏழாவது ஆட்டத்தில் எழுந்துகொண்டது. 99–65. செல்டிக்ஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போனாங்க, கடைசியில் கோப்பையும் வாங்கினாங்க. அதற்கு எத்தனை ஆட்டம் ஆனது தெரியுமா? 26 ஆட்டம்! கோப்பை வாங்கின அணிகளில் அவ்வளவு ஆட்டம் ஆடினது அவங்கதான். நாலு சுற்றையும் நாலு நாலு ஆட்டத்தில் முடித்திருந்தால் 16 போதும். எந்தக் காரணத்தால் தோத்திருந்தாலும், கொடுக்காமல் விட்டதை வட்டியும் முதலுமாக அப்புறம் கொடுக்க வேண்டி வந்தது. தோத்த ஹாக்ஸ் அணியில் ஆல் ஹார்ஃபோர்ட் என்று ஒரு புதுப் பையன் இருந்தார். அவர் பின்னாளில் அதே செல்டிக்ஸில் சேர்ந்து 2024-ல் அவங்களோடு கோப்பை வாங்கினார். யாரையும் "இவன் என்ன பெரிய ஆள்" என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதாதா?

செல்டிக்ஸ் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறு ஒன்று. அவங்க அதற்கு முந்தின சீசனில் 82-ல் ஜெயித்தது வெறும் 24! 58 தோல்வி! போன வருஷம் வரைக்கும் ஊரே கணக்கில் எடுக்காத அணி அது. கஷ்டம் என்றால் என்னவென்று அவங்களுக்குத் தெரியாதா? ஒரே வருஷத்தில் மறந்து போகுமா என்று கேட்கத் தோன்றியது.

ஒரு வருஷம் எதற்கு? மூணு மணி நேரமே போதும்! இங்கேதான் நான் சொன்ன ரெண்டாவது காரணம் வருகிறது.

அன்றைக்கு மத்தியானம் நமக்கு அடுத்த மேட்ச். எதிரே வந்தது நம்மை விடச் சின்னக் கிராமத்துப் பள்ளி. ஆடுறதுக்கு அஞ்சு பேர், மாற்று ஆள் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேர் வெறுங்காலோடு நின்னாங்க. கோப்பை வாங்கின அணியையே காலையில் அடிச்சவங்க நாம! நான் ஷூ லேஸைக் கூட இறுக்கிக் கட்டவில்லை. சார் எப்பவும் சொல்வார், "உன் உழைப்பு பந்து கையில இருக்கும்போது தெரியாது, பந்து போன பிறகு திரும்பி ஓடி வர்றதுலதான் தெரியும்" என்று. அன்றைக்கு நான் பந்து போன பிறகு ஓடி வரவில்லை. நடந்து வந்தேன். அந்தப் பிள்ளைங்க ஓடினாங்க. வெறுங்காலோடு, அந்தச் சூடு தரையில் ஓடினாங்க. 14–17. தோத்துட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் அமைதியாக இருந்தோம். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "விடுங்கடி, நாம சும்மாதானே விளையாடினோம். சீரியஸா ஆடியிருந்தா அவளுங்க நிப்பாளுங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கிட்டே, "காலையில அந்த அக்கா சொன்னதைத்தானே நீ இப்ப சொல்றே?" என்றாள்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஊர் வரும் வரைக்கும் நான் பேசவில்லை. காலையில் என் ஜெயிப்பைப் பாதியாக்கின வார்த்தையை மத்தியானம் நானே எடுத்து, அந்த வெறுங்கால் பிள்ளைங்க மேல வீசியிருக்கேன். நல்லவேளை, அவங்க காதில் விழவில்லை. ஆனால் என் காதில் விழுந்ததே!

உண்மையில் நான் அன்றைக்கு அலட்சியமாகத்தான் ஆடினேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அது என் குற்றம். அது அவங்க ஜெயிப்பில் ஒரு பாயிண்டைக் கூடக் குறைக்காது. நான் ஓடாததற்கு நான் பொறுப்பு. அவங்க ஓடினதற்கு அவங்கதான் சொந்தக்காரங்க. ரெண்டையும் ஒண்ணாக்கி, என் சோம்பேறித்தனத்தையே ஒரு பெருமை மாதிரி பேசினேனே, அதுதான் தப்பு. அப்படிப் பார்த்தால் அந்த டவுன் பள்ளி அக்கா உண்மையைத்தான் சொன்னாங்களோ என்னமோ, அவங்களுக்கே வெளிச்சம். பொய்யானாலும் உண்மையானாலும் நம்ம 18 பாயிண்ட் 18-தான். இதுதான் நான் சாருக்குச் சொன்ன பதில். சார் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் சார் தன் போனில் எனக்கு ஒரு பழைய வீடியோ காட்டினார். 1994-ல் நடந்தது. முதல் இடத்தில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ், 63 வெற்றி. எட்டாம் இடத்தில் டென்வர் நக்கெட்ஸ், 42 வெற்றி. அப்போது முதல் சுற்று அஞ்சு ஆட்டம்தான், மூணு ஜெயித்தால் போதும். சியாட்டில் முதல் ரெண்டையும் ஜெயித்துவிட்டது. இன்னும் ஒண்ணு போதும்! ஆனால் டென்வர் அடுத்த மூணையும் ஜெயித்தது. கடைசி ஆட்டம் சியாட்டில் ஊரிலேயே, கூடுதல் நேரம் வரை போய் 98–94. எட்டாம் இடம் முதல் இடத்தை வென்றது என்.பி.ஏ.வில் அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு 2025 வரைக்கும் கணக்குப் பார்த்தால், இதையும் சேர்த்து ஆறே ஆறு முறைதான் அப்படி நடந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் டென்வரின் டிகெம்பே முட்டோம்போ, ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் பிறந்த அவ்வளவு உயரமான மனிதர், தரையில் மல்லாந்து விழுந்து பந்தை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். அந்தத் தொடரில் மட்டும் எதிராளி எறிந்த பந்தை 31 முறை தடுத்தவர் அவர். அவர் 2024-ல் இறந்துவிட்டார். அந்தச் சிரிப்பு வீடியோவில் இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது அவர் பக்கத்தில் போய், "நாங்க சும்மாதான் விளையாடினோம்" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கே அழுகை வந்தது.

அன்புத் தோழிகளே, தோழர்களே! அடுத்த மாதம் நம் பள்ளியில் வகுப்புகளுக்கு இடையே போட்டி வருகிறது. எட்டாம் வகுப்புத் தங்கைகள் எங்களோடு மோதப் போறாங்க. "ஒன்பதாம் வகுப்புக்கு ஈசி மேட்ச்" என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. அதனால் என் வகுப்புக்கு நான் சொல்வது இதுதான். எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவோம். பந்து போன பிறகும் ஓடுவோம். சின்னவங்களோடு முழு மூச்சா ஆடுவது இரக்கம் இல்லாத வேலை என்று சிலர் சொல்றாங்க. அப்படி இல்லை. "உன்னை நான் ஆளாக மதிக்கிறேன்" என்று வாயால் சொல்லாமல் காலால் சொல்வதுதான் அது.

ஜெயிச்சா கை குடுப்போம். தோத்தா, "நல்லா ஆடினீங்க" என்று மட்டும் சொல்வோம். அந்த "சும்மா" என்ற வார்த்தை மட்டும் நம் மைதானத்தில் வேண்டாம்.

அந்தக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைங்களை அடுத்த வருஷக் குறுவட்டப் போட்டியில் பார்த்தால், போன வருஷம் சொல்லாமல் விட்டதை நான் முதலில் சொல்லிவிடுவேன்: "அன்னைக்கு நீங்க எங்களை நல்லாத்தான் ஜெயிச்சீங்க." அப்புறம் ஆட்டத்தில் பார்த்துக்கலாம்!



– கூடைப்பந்து அணியில் ஆடும் ஒன்பதாம் வகுப்பு மாணவி